அறுபத்து நான்கு நஞ்சு

முன்னொரு காலத்தில் மருதங்கோட்டையை இடும்பவர்மன் என்றொரு அரசன் ஆண்டான். தன் நிழல் முன்னால் விழுந்தால்கூட "எங்கே போகிறாய்?" என்று கேட்கிற சந்தேகப் பேர்வழி. அவன் உணவை ருசி பார்க்க ஆள் தேவைப்பட்டது. ஆளை எப்படிப் பழக்குவது என்பதில் ராஜவைத்தியர் சிங்கண்ணருக்கும் அமைச்சர் பூவராகருக்கும் வாக்குவாதம்.

"அறுபத்து நான்கு நஞ்சுக்கும் செய்யுள் இருக்கிறது, பிரபு. மனப்பாடம் செய்ய வைத்தால் போதும்," என்றார் வைத்தியர்.

"நான் என் ஆளை மடைப்பள்ளியில் காய் நறுக்க அனுப்புவேன்," என்றார் அமைச்சர்.

"காய் நறுக்கவா! அமைச்சர் வீட்டுக்கு வேலைக்காரி தேடுகிறார் போலிருக்கிறது."

சபை சிரித்தது. அரசன் சிரிக்கவில்லை. "உங்களில் ஒருவர் என்னைக் கொல்லப் பார்க்கிறார். ஒரு மாதம் தருகிறேன். யாருடைய ஆள் தவறினாலும் பழக்கியவர் பதவி போகும்."

மாதம் முடிந்தது. தலைமைச் சமையற்காரர் அப்பண்ணா புளிக்குழம்பைக் கொண்டுவந்து வைத்தார். வைத்தியரின் சீடன் முகர்ந்தான், நுனிநாக்கில் வைத்தான், அறுபத்து நான்கு செய்யுளையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். "நஞ்சில்லை!"

அடுத்து அமைச்சர் பழக்கிய செங்கமலம். அவள் கிண்ணத்தைத் தொடவே இல்லை. பூவராகர் அவளை முறைத்தார். முப்பது நாளும் இவள் காய் மட்டும்தான் நறுக்கினாளோ?

"மகாராஜா, இதைச் சாப்பிடாதீங்க," என்றாள்.

"ருசிகூடப் பார்க்காமலா சொல்கிறாய்?"

"குழம்பை இறக்கினதும் அப்பண்ணா அண்ணன் உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு நக்குவார். ஒருநாள் தவறினதில்லை. இன்னைக்கு நக்கலை. அவர் நக்காததை நான் நக்க மாட்டேன்."

அப்பண்ணா தலையைக் குனிந்துகொண்டார். வைத்தியர் கைகொட்டிச் சிரித்தார். "கையை நக்காததெல்லாம் ஒரு சாட்சியா!"

அரசன் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினான். "உம் சீடன்தான் நஞ்சில்லை என்றானே. குடியும்."

வைத்தியரின் கை கிண்ணம்வரை போய் நின்றது. "பிரபு... இன்று எனக்கு விரதம்."

"வாயில் வெற்றிலை இருக்கிறதே, வைத்தியரே!" என்றார் பூவராகர்.

"குழம்பில் நேர்வாளம் கலக்கச் சொன்னதே நான்தான்," என்றான் அரசன். "உம் மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்தது. பேதிக்குக் கொடுப்பீரே, அதேதான். மருந்து என்பதால் உம் செய்யுளில் அதற்கு இடமில்லை. போகட்டும். உம் ஆளின் சொல்லை நீரே நம்பவில்லை, நான் நம்ப வேண்டுமா?"

அந்தக் கணம் சீடன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினான்.

செங்கமலத்துக்கு முத்துமாலை கிடைத்தது. சிங்கண்ணருக்கு அரிவாள்மணை. மறுநாள் காலை வெங்காயக் கூடையை அவர் முன்னால் வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "வாயை மூடிக்கிட்டு நறுக்குங்க, வைத்தியரே. கண்ணை மட்டும் திறந்து வையுங்க."