முதுகு காட்டி நின்றவள்

“என் அம்மா செத்த பிறகும் வீட்டை விட்டுப் போகவில்லை, சாமி. ஆனால் முகத்தைக் காட்டமாட்டேன் என்கிறாள்.”

ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில் விழுந்து கும்பிட்டு எழுந்த உலகநாதர் இப்படித்தான் ஆரம்பித்தார். அறுபதை நெருங்கியவர். சாமி அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் குரு குருதான்.

“எங்கே நிற்கிறாள்?”

“அடுக்களையில். உச்சி வெயில் நேரத்தில். அடுப்பைப் பார்த்தபடி நிற்கிறாள். நான் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாலும் முதுகுதான் தெரிகிறது.”

உலகநாதர் குரலைத் தாழ்த்தினார்.

“என் மகள் செண்பகம் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவள் கண்ணிலும் படுகிறது. பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஏதாவது பரிகாரம் சொல்லுங்கள்.”

“அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்.”

உலகநாதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். ஊரார் வீட்டு நெல்லைக் குத்தி என்னை ஆளாக்கினாள். எனக்கு அம்மை போட்டபோது வேப்பிலையும் கையுமாக என் பாயை விட்டு நகரவில்லை. என் மனைவி தவறியதும் செண்பகத்தையும் அவள்தான் வளர்த்தாள். பிள்ளை விழித்து அழக்கூடாதென்று முந்தானையை அதன் கையில் கொடுத்துவிட்டு, உட்கார்ந்தபடியே தூங்குவாள்.”

சாமி மெல்லத் திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“சாமி?”

“நீங்கள் இல்லாத கதை ஒன்று சொல்லுங்கள்.”

உலகநாதர் யோசித்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

“செண்பகமும் இல்லாத கதை.”

உலகநாதர் ஆற்றைப் பார்த்தார்.

“அவள் பிறந்த ஊர் எது?”

“குருந்தங்குளம். மலைக்கு அந்தப் பக்கம். அப்பா போன பிறகு அங்கே போக்குவரத்தே இல்லை.”

சாமி திரும்பவில்லை. கையை மட்டும் நீட்டி மலையைக் காட்டினார்.

குருந்தங்குளத்தில் அம்மாவின் வயதுக்காரி ஒருத்திதான் மிச்சமிருந்தாள். தங்கப்பழம் என்று பெயர். கண் போய்விட்டது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

உலகநாதர் பேசுவதற்குள் அவருடைய முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

“கோமு மவனா நீ?”

“கோமதியம்மாள் மகன்.”

“எந்த அம்மாளோ! எங்களுக்கு அவ கோமுதான். கோமுன்னு ஒரு சத்தம் குடுத்தா எந்தக் கிளையில இருந்தாலும் குதிச்சிருவா. ஒரு தடவ கூத்துக்காரங்க பின்னாலேயே நடந்து போயிட்டா. அடுத்த ஊர்ல உக்காந்து மத்தளம் தட்டிக்கிட்டு இருந்தவள அவ அப்பன் முடியப் பிடிச்சு இழுத்துட்டு வந்தான்.”

“என் அம்மாவா?”

“கல்யாணத்தன்னைக்கு என்ன செஞ்சாங்கிற? குளத்துல கழுத்தளவு தண்ணியில போய் நின்னுக்கிட்டா. ஊரே கரையில நின்னு கெஞ்சுது. ஏறமாட்டேன்னுட்டா. கடைசியில நான்தான் கைய நீட்டி ஏத்துனேன். ‘வா கோமு, திரும்பி வந்துருவ’ன்னு சொல்லி ஏத்துனேன்.”

கிழவி புளியைக் கீழே வைத்தாள்.

“இப்பவும் மத்தளம் தட்டுவாளா?”



“அம்மா தவறிட்டாங்க, பெரியம்மா. தை மாசம்.”

கிழவி அழவில்லை. வெகுநேரம் காதைச் சாய்த்துக் குளத்துப் பக்கமாகவே வைத்திருந்தாள்.

“தையிலேயா?” என்றாள். “அப்ப ஏன் அவ இன்னும் இங்க வரல?”

மலையிறங்கி அவர் வீடு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. செண்பகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“உள்ள நிக்கிறாங்கப்பா.”

அவர் அடுக்களைக்குள் போனார். நரைத்த கொண்டை. கூன் விழுந்த முதுகு. அணைந்த அடுப்பு.

“அம்மா.”

அசைவில்லை.

“அம்மா, நான்தான்.”

அசைவில்லை.

அந்தப் பெயரை அவர் வாய் ஒருநாளும் சொன்னதில்லை.  சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“கோமு.”

கொண்டை அவிழ்ந்தது. முடி கறுத்து, ஈரமாகி, இடுப்புக்குக் கீழே விழுந்தது. நுனியிலிருந்து நீர் சொட்டித் தரை நனைந்தது.

அவள் திரும்பினாள்.

சின்னப் பெண். அந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை. செண்பகத்துக்குத் தங்கை என்றால் யாரும் நம்புவார்கள்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கோபமில்லை. ஆள் தெரியாத பார்வை.

“யாருங்க நீங்க?”

உன் மகன் என்று சொல்ல வந்தார். சொல்லவில்லை.

“தங்கப்பழம் என்னைத் தேடிக்கிட்டு இருப்பா,” என்றாள் அவள். “கதவ ஏன் சாத்தி வச்சிருக்கீங்க?”

உலகநாதர் தட்டுத் தடுமாறிப் போய்க் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினார்.