வைத்தியரின் கால்

யானைக் கொட்டாரத்தை இடித்துவிட்டு அங்கே கேத் லேப் கட்டிய மன்னர் ஒருவர் இருந்தார். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தி அடைப்பு நீக்கும் அறை அது. வைத்தியர் மிதியில் காலை வைத்தால் எக்ஸ்ரே பாயும், திரையில் படம் ஓடும்.

ஒருநாள் நர்ஸ் செங்கமலத்தின் கதிர் அளக்கும் பேட்ஜைப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். ஈயக் கவசம் போட்டும் ஆண்டுக்கு அனுமதித்த அளவை நெருங்கிவிட்டாள். இன்னும் கொஞ்சம் ஏறினால் அந்த அறைக்குள் அவள் கால் வைக்கக் கூடாது. அவளுக்கோ அந்த வேலைதான் உயிர்.

"அவள் மேல் படும் கதிர் கால் பங்கு ஆக வேண்டும். ஒரு நோயாளியைக்கூடத் திருப்பி அனுப்பக் கூடாது" என்றார் மன்னர்.

புது இயந்திரம் வாங்கினால் ஒழிய நடக்காது என்றார் தலைமை வைத்தியர் பொன்னம்பலம். சும்மா இருந்து சாப்பிடும் வெண்காட்டார் வேண்டுமானால் முயன்று பார்க்கட்டும் என்று ஒரு குத்தும் குத்தினார்.

அவைப் புலவர் வெண்காட்டார் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்து கவனித்தார். வைத்தியர் பொன்னம்பலத்தின் கையைக் குறை சொல்ல முடியாது. வாய்தான் ஓயவில்லை. மாமியார் வீட்டு விருந்தைச் சொல்லத் தொடங்கினால் கண் செங்கமலத்தின் பக்கம் திரும்பிவிடும். கால் மட்டும் மிதியிலேயே இருக்கும். திரையை யாரும் பார்க்கவில்லை, கதிர் மட்டும் பாய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் வெண்காட்டார் கோயில் தவில்காரரை அழைத்து வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்தார். எக்ஸ்ரே பாய்வதைக் காட்டும் விளக்கு எரியும்வரை அடி, அணைந்தால் நிறுத்து என்றார். வைத்தியரின் கதையில் மாமியார் இலை போடுவதற்குள் தவில் பிளந்துகட்டியது. படுத்திருந்த நோயாளி, யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்தார்.

வைத்தியருக்கு முகம் சிவந்தது. "என் கதைக்கு எதற்கு ஐயா மேளம்?"

"கதைக்கு இல்லை வைத்தியரே, காலுக்கு."

வைத்தியர் குனிந்து பார்த்தார். காலை எடுத்தார். தவில் நின்றது. கடைசிப் படம் திரையில் அப்படியே நின்றது. வேலைக்கு அதுவே போதுமாயிருந்தது. அதன்பிறகு தேவைப்பட்டபோது மட்டும் மிதித்தார். சில நாளில் தவில்காரர் அடித்த நேரத்தைவிடத் தூங்கிய நேரம் அதிகம்.

அடுத்த முறை பேட்ஜை அளந்தபோது, முன்பு ஏறிய அளவில் கால் பங்குதான் ஏறியிருந்தது. செங்கமலம் அதே அறையில் நீடிக்கலாம் என்று ஆனது.

"இவர் ஒன்றுமே செய்யவில்லை மன்னா" என்று முறையிட்டார் வைத்தியர்.

"உண்மைதான். கால் ஆக்கச் சொன்னீர்கள். வைத்தியர் காலை எடுத்தார், கால் ஆயிற்று" என்றார் வெண்காட்டார்.

மன்னர் சிரித்து, என்ன பரிசு வேண்டும் என்றார்.

"எனக்கு எதற்கு? குறைந்த பங்கு முக்கால் அல்லவா, அதை வைத்தியருக்கே கொடுங்கள்."

"முக்காலை எப்படி ஐயா கொடுப்பது?"

"ஒரு முக்காலியாக. அறைக்கு வெளியே போட்டுவைத்தால், மாமியார் கதையை அதில் உட்கார்ந்து சொல்வார்."