நாலு காலும் ஊன்றி ஓடிய முயல்

ஒரு காட்டில், குகைச் சுவரையே பலகையாகக் கொண்டு கரடி வாத்தியார் ஓர் ஓவியப் பள்ளி நடத்தி வந்தார். பௌர்ணமிதோறும் படங்களைப் பார்வையிடுவார். நன்றாக வந்த படம் சுவரில் நிற்கும். மற்றவற்றை ஈர இலையால் துடைத்துவிடுவார்.

அங்கே படித்த தேவாங்குக்குக் கண் பெரிது, நடை மெது. அது வரைந்த படம் ஒன்றுகூட இதுவரை சுவரில் நின்றதில்லை. இந்த முறை ஓடும் முயல் ஒன்றைக் கரித்துண்டால் வரைந்திருந்தது. இதுவாவது நிற்க வேண்டும் என்று அதற்கு அத்தனை ஆசை, பாவம்.

வேறு காடுகளின் ஓவியர்கள் விருந்தாளிகளாக வந்து மாணவர் படங்களுக்குக் கருத்துச் சொல்வது அந்தப் பள்ளியின் வழக்கம்.

முதலில் அழகே பெரிதென்று நினைக்கும் மயிலார் வந்தார். "இது ஓடுகிறதா? நிற்கிறாற்போல் அல்லவா இருக்கிறது! வாலில் ஒரு தோகை வை தம்பி, பறக்கும்."

தேவாங்கு தோகை வைத்தது.

அடுத்து யானையார். அவருக்கு எல்லாமே பெரிதாக இருக்க வேண்டும். "அசையவே காணோமே. காதை முறம்போல விரி, காற்றில் படபடக்கட்டும்."

காது முறமாயிற்று.

கடைசியில் முன்கோபக்கார முள்ளம்பன்றியார் வந்தார். "உட்கார்ந்திருக்கிற முயலை ஓடுகிறது என்கிறாயே! முதுகில் நாலு முள்ளைக் குத்து. தானே ஓடும்."

முள்ளும் ஏறியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"இது என்ன பிராணி?" என்று கேட்டது உடன் படித்த அணில்.

மறுநாள் பௌர்ணமி. தேவாங்குக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதபடியே விருந்தாளிகள் சொன்னதை மனத்தில் ஓட்டிப் பார்த்தது. தோகை, காது, முள் என்று வைத்தியம் மூன்று விதம். ஆனால் மூவரும் கண்ட நோய் ஒன்றுதான். முயல் ஓடவில்லை.

உடனே புதரருகே மேய்ந்துகொண்டிருந்த முயலிடம் போய், "முயலண்ணா, எனக்காக ஒருமுறை ஓடிக் காட்டுங்கள்" என்று கெஞ்சியது.

முயல் ஓடியது. தேவாங்கு அதன் காலையே பார்த்தது.

"அண்ணா, நடுவில் உங்கள் நாலு காலும் தரையிலேயே இல்லையே?"

"தரையைப் பிடித்துக்கொண்டே எப்படியப்பா ஓடுவது?"

தேவாங்குக்கு வெட்கமாகப் போயிற்று. கிளையை விடாமல் பிடித்துப் பிடித்தே நடந்து பழகிய பிறவி அது. தன்னைப்போலவே முயலையும் நாலு காலாலும் தரையைப் பற்றிக்கொள்ள வைத்திருந்தது.

ஈர இலையைத் தானே எடுத்தது. தோகை, முறக்காது, முள் எல்லாவற்றையும் துடைத்தது. நாலு காலையும் அந்தரத்தில் தூக்கி, கீழே கொஞ்சம் நிழல் போட்டது.

பௌர்ணமி மாலை எல்லோரும் கூடினார்கள். "நான் சொன்ன தோகை எங்கே?" என்றார் மயிலார்.

"மன்னியுங்கள் ஐயா. ஆனால் நீங்கள் மூவரும் சொல்லாவிட்டால், என் முயல் நிற்பது எனக்குத் தெரிந்தே இருக்காது" என்று தேவாங்கு கைகூப்பியது.

அதற்குள் வேடிக்கை பார்க்க வந்த நரி, "ஐயோ, ஓடுகிறதே, பிடியுங்கள்!" என்று படத்தின்மேல் பாய்ந்து மூக்கை உடைத்துக்கொண்டது.

கரடி வாத்தியார் சிரித்தபடி, கையில் வைத்திருந்த ஈர இலையை நரியின் மூக்கில் வைத்துக் கட்டினார். தேவாங்கின் முயல் சுவரிலேயே நின்றது.

நீதி: குறையைப் பிறர் சொல்லக் கேள், அதைத் தீர்க்கும் வழியை நீயே தேடு.