தண்ணீர் கலக்காத காற்று

மந்திக்குளத்தில் புத்திசாலியே கிடையாதா என்று கேட்காதீர்கள். ஒருவர் இருந்தார். போன வருஷம் அவரும் பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகுதான் கொம்பையாவும் அவன் கூட்டாளிகள் இசக்கி, சப்பாணி, மாசானம் மூவரும் தைரியமாகப் பஞ்சர் கடை திறந்தார்கள்.

கொம்பையாவுக்கு வயது முப்பத்திநாலு. இதுவரை ஏழு இடத்தில் பெண் கேட்டு ஏழும் தட்டிப்போயிற்று. எட்டாவதாகக் கீழப்பாறை பலவேசம் மட்டும் கொஞ்சம் இறங்கிவந்தார். புதன்கிழமை நேரில் வருவதாகவும், கடையில் மிஷின் ஒழுங்காக ஓடினால் பெண் தருவதாகவும், ஓடாவிட்டால் பேச்சே வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். பாவம், அன்றிலிருந்து கொம்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மிஷின் என்றால் கம்ப்ரஸர். விற்ற கடைக்காரர் பொறுமையான மனிதர். உள்ளே பிஸ்டன் கீழே இறங்கும்போது ஒரு கதவு திறந்து காற்று உள்ளே வரும், பிஸ்டன் மேலே ஏறும்போது காற்றை நெருக்கி இன்னொரு கதவு வழியாக டேங்குக்குள் தள்ளும், போன காற்று திரும்பி வராது என்று விளக்கினார். பஸ்ஸின் பிரேக்குக்கும், காருக்குப் பெயின்ட் அடிக்கவும், பல் டாக்டர் பல்லைக் குடையவும் இப்படி நெருக்கிய காற்றுதான் என்றார். ஆட்டோவுக்கு எரிவாயுவைக்கூட இப்படித்தான் நெருக்கி அடைக்கிறார்கள், ஃப்ரிட்ஜுக்குள் இருப்பதும் ஒரு கம்ப்ரஸர்தான் என்றும் சொன்னார்.

கடைசியாக மூன்று கட்டளை போட்டார். சுத்தமான காற்றுதான் உள்ளே போகவேண்டும். டேங்கின் அடியிலுள்ள குழாயைத் தினமும் திறந்து தண்ணீரை வெளியேற்றவேண்டும். அளவு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது.

முதல் கட்டளையை நிறைவேற்றுவது சுலபமாக இருந்தது. கடையைக் கழுவி ஊதுபத்தி கொளுத்தினார்கள். இசக்கி காலையில் கருவாடு தின்றவன் என்பதால், மிஷின் ஓடும்போதெல்லாம் அவனை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் மூச்சுவிடச் சொன்னார்கள்.

இரண்டாவதில்தான் சிக்கல் வந்தது. சப்பாணி குழாயைத் திறந்தான். நிஜமாகவே தண்ணீர் வந்தது. நால்வரும் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"நாம உள்ள விட்டது காத்து. வர்றது தண்ணி. அப்போ காத்துல எவனோ தண்ணி கலக்கான்" என்றான் மாசானம்.

"காத்துல யாருவே கலப்பா?" என்று கேட்டான் சப்பாணி.

"கலந்து பழகினவன்தான் கலப்பான்."

அந்த ஊரில் கலந்து பழகியவர் பால்கார சங்கரபாண்டி ஒருவர்தான். தினமும் காலையில் கடையைத் தாண்டித்தான் சைக்கிளில் போவார். அன்று முதல் அவரை வாய்க்கால் வரப்பைச் சுற்றிப் போகவைத்தார்கள். அவரும் மனசாட்சி உறுத்தியதாலோ என்னவோ மறுபேச்சுப் பேசாமல் போனார்.

புதன்கிழமை விடிந்தது. வரப்போகும் மாமனாருக்காக ஒரு பாட்டில் கலர் சோடா வாங்கி, ஃப்ரிட்ஜில் இருப்பதும் இதுதானே என்று மிஷினின் தலையில் நிறுத்தி, குளிரட்டும் என்று அவர் வரும்வரை மிஷினை விட்டுவிட்டு ஓட்டினார்கள். நெருக்கப்பட்ட காற்று சூடாகும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பத்து மணிக்குப் பலவேசம் வந்து குடித்தபோது கலர் காப்பியைவிடச் சூடாக இருந்தது. அவர் ஊதி ஊதிக் குடித்தார்.

"மிஷினை ஓட்டுங்க, பாப்போம்" என்றார் பலவேசம்.

ஓட்டினார்கள். முள் ஏறியது, சிவப்பை நெருங்கியது. நிறுத்தினால் மிஷின் ஓடவில்லை என்று ஆகிவிடும், பெண் போய்விடும். ஓடவிட்டால் மூன்றாவது கட்டளையை மீறியதாகிவிடும். கொம்பையாவுக்குக் கண்ணீர் முட்டியது.

"முள்ளை நிறுத்த முடியாது. கோட்டை எடுத்துரலாம்லா" என்று மாசானம் காதில் சொன்னான். சப்பாணி பிளேடால் சிவப்பைச் சுரண்டி எடுத்தான். இப்போது தாண்டுவதற்குக் கோடே இல்லை என்று நால்வருக்கும் நிம்மதியாயிற்று.

முள்ளும் நிம்மதியாக மேலே போயிற்று. சற்று நேரத்தில் டேங்கின் மேலிருந்த பாதுகாப்பு வால்வு 'டப்'பென்று திறந்து, அடைபட்டிருந்த காற்றையெல்லாம் வீறிட்டபடி வெளியே விட்டது. பலவேசம் பெஞ்சோடு கவிழ்ந்தார்.

எல்லாம் போச்சு என்று கொம்பையா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பலவேசம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு மிஷினை ஒரு சுற்று சுற்றிவந்தார்.

"எனக்கும் இதே கொணம்தான் மாப்ள. தாங்க முடியலேன்னா ஒரு சத்தம் போட்டுருவேன், அப்புறம் சரியாயிரும். பொண்ணு உங்களுக்குத்தான்."

சந்தோஷத்தில் அவர் வந்த பைக்கின் இரண்டு சக்கரத்துக்கும் கல்லு மாதிரி காற்று அடித்துக் கொடுத்தார்கள். பலவேசம் அமுக்கிப் பார்த்துச் சொக்கிப்போனார். இவ்வளவு சுத்தமான காற்றை ரோட்டில் தேய்ப்பதா, கல்யாணம் வரைக்கும் இது இப்படியே இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கும் அது நியாயமாகவே பட்டது.

அதனால் நால்வரும் பைக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு கீழப்பாறைக்கு ஏழு மைல் நடந்தார்கள். பெரியவரை நடக்கவிடுவது மரியாதையில்லை என்று அவரையும் மேலே உட்காரவைத்தார்கள். அவரும் பொறுப்பாக ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு வளைவுகளில் ஹாரன் அடித்தபடி வந்தார். பாறை இறக்கத்தில் மட்டும் இவர்கள் கொஞ்சம் வேகமெடுத்துவிட, பயந்துபோய்ப் பிரேக்கை அழுத்தினார்.

நால்வரும் டக்கென்று நின்றார்கள்.