மூடி போட்டு எடுத்த படம்

அரக்கோணத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த நிலோஃபருக்கு முப்பத்திரண்டு வயது. அவளிடம் வானத்தைப் படம் பிடிக்கக் கற்றுக்கொண்ட தணிகாசலத்துக்கு அறுபத்து மூன்று. ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிக் கொடி காட்டும் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். தெரு சிரித்தது. சிரிக்கிற தெரு சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒரு மத்தியானம் லேப்டாப்பும் கேமராப் பையுமாகக் கடைக்கு வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

மாவட்டக் கண்காட்சிக்கு அவர் அனுப்பியிருந்த படம் திரும்பி வந்துவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சுருள் கேலக்ஸிகள். மொட்டை மாடியில் பதினொரு ராத்திரி உட்கார்ந்து எடுத்தது. ஸ்டேஷன் வெளிச்சத்தை மீறிக் கிடைத்தது என்னவோ இரண்டு மங்கலான திட்டுகள்தான். மகள் வேறு ஓசூரிலிருந்து கண்காட்சியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"சுருள் தெரியலையாம் டீச்சர். கண்காட்சிக்காரங்களே ஒரு ஆப் பேரு சொல்லியிருக்காங்க. படத்தைப் போட்டு கேலக்ஸி பேரை அடிச்சா அதுவே தெளிவாக்கிடுமாம். எல்லாரும் அப்படித்தான் அனுப்புறாங்களாம். இன்னிக்கு அஞ்சு மணிதான் கெடு."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"வானத்துல சுருள் இருக்கறது நிஜம்தானே? இருக்கறதைத்தானே போடப்போறோம். அதுல என்ன தப்பு?"

நிலோஃபர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு அவருடைய கேமராவை வாங்கி லென்ஸ் மூடியை இறுக்கினாள். கறுப்புத் துணியைச் சுற்றினாள். ஐந்து நிமிடம் அப்படியே படம் எடுத்தாள்.

தணிகாசலத்துக்கு இது புதிதல்ல. கேமரா தானாகப் போடும் பொய்ப் புள்ளிகளைக் கண்டுபிடித்துக் கழிக்க, ஒவ்வொரு தடவையும் மூடி போட்டுச் சில படங்கள் எடுப்பது வழக்கம்தான்.

"இதை அந்த ஆப்புல போடுங்க சார். அதே பேரைக் கொடுங்க."

போட்டார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு இரண்டு கேலக்ஸிகள் வந்து நின்றன. நீலமும் ரோஜா நிறமுமாக, சுருள் சுருளாக, அவ்வளவு அழகு.

தணிகாசலம் துணியை விலக்கி மூடியைத் தொட்டுப் பார்த்தார். மூடியபடியேதான் இருந்தது.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"முப்பத்தாறு வருஷம் டீச்சர். லைனைப் பார்க்காம ஒரு தடவைகூடப் பச்சைக்கொடி காட்டினதில்ல. எங்கிட்டயா இதைக் கேக்கறாங்க?"

"சரி, என்ன பண்ணப்போறீங்க?"

"என் திட்டையே திரும்ப அனுப்பறேன். சுவத்துல மாட்டினா மாட்டட்டும், தூக்கிப் போட்டா போடட்டும்."

"ரெண்டையும் அனுப்புங்க. எதை எப்படி எடுத்தோம்னு அடியில எழுதிடுங்க."

ஒன்றின் கீழே 'பதினொரு ராத்திரி, என் வீட்டு மொட்டை மாடி' என்று எழுதினார். மற்றதன் கீழே 'மத்தியானம், மூடி போட்டு, செல்போன் கடைக்குள்' என்று எழுதினார். எழுதும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. அனுப்பப் போகையில் மகளின் ஞாபகம் வந்து, விரல் நின்றுவிட்டது.

"ரெண்டையுமே தள்ளிட்டாங்கன்னா? அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்ற பொண்ணுக்கு என்னத்தைக் காட்டுவேன்?"

நிலோஃபர் ஸ்க்ரூ டிரைவரை மறுபடி கையில் எடுத்தாள்.

"மாடிக்குக் கூட்டிட்டுப் போங்க. மூடியைக் கழட்டிக் காட்டுங்க."