ஆறாவது புள்ளி

“முப்பத்திரண்டு. இதுக்குப் போய் கோடு வேற போடணுமா வாத்தியாரே?”

சலித்துக்கொண்டார் சடையாண்டி. வயது ஐம்பத்திரண்டு. நாலு கொலைக்கு ஆயுள் தண்டனை. ஜெயிலுக்குள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறார். சொல்லித்தரும் லூர்துவும் கைதிதான், அவருக்கு மகன் வயசு.

கணக்கு இதுதான். வட்டத்தின் மேல் புள்ளி வைத்து, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று கோட்டால் சேர்க்க வேண்டும். வட்டம் எத்தனை துண்டாகும்? ஒரு புள்ளிக்கு ஒன்று. அப்புறம் இரண்டு, நாலு, எட்டு, பதினாறு.

ஆறு புள்ளிக்கு?

வார்டர் வாசலில் வந்து நின்றார்.

“யோவ் சடையாண்டி, உன் மகன் மனுப் போட்டு உன்னைப் பார்க்க வந்திருக்கான். நாளைக்குத் துபாய் போறானாம். ஒரே ஒரு தரம் முகத்தைக் காட்டச் சொல்றான்.”

“வரலைன்னு சொல்லிடுங்க ஐயா.”

பத்து வருஷமாக இதே பதில்தான். அப்படி ஒரு உடும்புப்பிடி! வார்டர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

“ஏண்ணே?” என்றான் லூர்து.

“எங்க தாத்தா ஒருத்தரை வெட்டினாரு. எங்கப்பன் ரெண்டு பேரை. நான் நாலு. அடுத்தது என்னன்னு நீதானே சொல்லிக்குடுத்தே? அந்தப் பய மூஞ்சியைப் பார்த்தா எனக்கு எட்டுப் பொணம் தெரியும்பா.”

சொல்லிவிட்டுக் காகிதத்தைத் தள்ளிவைத்தார்.

லூர்து பென்சிலை நீட்டினான். “கோடு போடுங்கண்ணே.”

ஆறு புள்ளி. பதினைந்து கோடு. மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளாமல் பார்த்துப் போட்டார். எண்ணினார்.

முப்பத்தொன்று.

மறுபடி எண்ணினார். துண்டுக்குத் துண்டு நம்பர் எழுதி எண்ணினார். அட கடவுளே, முப்பத்தொன்றேதான்.

“ஒண்ணு எங்கே போச்சு?”

“இருந்தாத்தானே போறதுக்கு.”

சடையாண்டி விரல் மடக்கி எண்ணினார். மனசு லேசில் விடுமா?

“ஆறாவதுலதானே மாறுது. என் மகன் நாலாவது. எட்டு சரியாத்தானே இருக்கு?”

“நாலாவதை எண்ணிட்டுத்தான் எட்டுன்னு எழுதினோம். உங்க மகனை எப்ப எண்ணினீங்க?”

சடையாண்டிக்குச் சுருக்கென்றது. எழுந்தார். செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

பார்வையாளர் அறையில் கம்பிவலைக்கு அந்தப்புறம் யாருமில்லை. நேரம் முடிந்து எல்லாரையும் அனுப்பியிருந்தார்கள். வார்டர் மட்டும் நின்றார்.

“போயிட்டானா ஐயா?”

“இப்பத்தான்.”

“ஏதாவது சொன்னானா?”

வார்டர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“நீ வெட்டின நாலு பேர் வீட்டுக்கும் போய் வாசல்ல விழுந்து கும்பிட்டானாம். மூணு வீட்ல கதவைச் சாத்திட்டாங்களாம். ஒரு வீட்ல மட்டும் குடிக்கத் தண்ணி குடுத்தாங்களாம். அதை உன்கிட்ட சொல்லிட்டுப் போகத்தான் வந்தானாம்யா.”