கொழுத்த எலி போன வழி

ஒரு ஊரு. அந்த ஊருல ஏரி ஒண்ணு, ராசா ஒருத்தரு, பசிக்கிற வயிறு ஆயிரம். ம்ம் கொட்டிக்கிட்டே கேக்கணும், இல்லைன்னா நிறுத்திப்புடுவேன்.

அங்க விளையுற நெல்லுல ஒரு பங்கு ராசா களஞ்சியத்துக்குப் போயிரும். எதுக்கு? மழை பொய்ச்சா சனங்களுக்குக் குடுக்கத்தான். அதுக்குக் காவலு மாசிலான்னு ஒருத்தன். தொந்தி முன்னாடி வரும், அவன் பின்னாடி வருவான்.

ஒரு வருசம் மழை இல்லை, மறுவருசமும் இல்லை, மூணாம் வருசம் மேகம்கூட எட்டிப் பாக்கலை. சடைச்சின்னு ஒருத்தி இருந்தா. அவ மக பிள்ளை பெத்துப் பதினோரு நாளு, சாப்பிட ஒண்ணுமில்லாம பாலு வத்திப்போச்சு. பிள்ளை அழுது அழுது, அப்புறம் அழக்கூடத் தெம்பில்லாம முனகுது. பாவம், பெத்த வயிறு பொறுக்குமா? சடைச்சி ஊருச் சனத்தைக் கூட்டிக்கிட்டு ராசாகிட்டப் போனா.

ராசா மாசிலாவைக் கூப்பிட்டு, "களஞ்சியத்தைத் தொறடா"ன்னாரு.

"என்னத்தைத் தொறக்க சாமி? எலி தின்னுருச்சு."

"அம்புட்டையுமா?"

"தின்னது போக மிச்சத்தை வளைக்கு இழுத்துக்கிட்டுப் போயிருச்சு சாமி."

தொறந்து பாத்தா வெறுந்தரை. ராசா தலையில கைய வச்சுக்கிட்டாரு. அப்ப சடைச்சி சொன்னா, "ராசா, அறுப்பு முடிஞ்சா எலி வளையை வெட்டி உள்ள கிடக்குற கதிரை எடுத்துக்குறது எங்க வழக்கம். வளைக்குள்ள இருக்குறது வெட்டுனவங்களுக்கு. களஞ்சியத்து நெல்லையும் அப்படித் தேடி எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கங்க. வளை எங்க போனாலும் வெட்டுங்க, யாரும் தடுக்கக் கூடாது."

"தாராளமா வெட்டட்டும் சாமி"ன்னு மாசிலாவும் சிரிச்சான். கொழுப்பைப் பாத்தியா!

சடைச்சி மண்வெட்டியோட வயக்காட்டுக்குப் போனா, அங்க எலி குச்சியாட்டம் கிடந்துச்சு. ஏரிக்கரைக்குப் போனா, அங்க எலி நடக்க முடியாமக் கிடந்துச்சு. மாசிலா வீட்டுக் கொல்லைக்குப் போனா, அங்க எலி பூசணிக்காயாட்டம் உருண்டுச்சு.

"ஊரே காஞ்சு கிடக்கு, உனக்கு மட்டும் ஏதுடி சோறு?"ன்னு கேட்டா. எலி பயந்து வளைக்குள்ள ஓட, இவளும் வெட்டுனா, வெட்டுனா, வெட்டிக்கிட்டே போனா. வளை மாசிலா வீட்டு அடுப்படிக்குக் கீழ போச்சு. மண்ணு சரிஞ்சு பொலபொலன்னு கொட்டுது நெல்லு!

மாசிலா ஓடியாந்து, "ஐயோ, என் நெல்லு!"ன்னு கத்துனான். சத்தம் கேட்டு ராசாவே வந்துட்டாரு.

"மூணு வருசமாப் புல்லு முளைக்கலை, உனக்கு மட்டும் இம்புட்டு நெல்லு எங்கடா விளைஞ்சுச்சு?"

மாசிலா அப்பவும் பழைய பொய்யை விடலை. "எலி... எலி கொண்டாந்து வச்சிருக்கும் சாமி."

"அப்பச் சரி. வெட்டுனவளுக்குத்தான் நெல்லு."

சடைச்சி தனக்குன்னு மூட்டை கட்டலை. ஊரு நடுவுல கொப்பரையை ஏத்தி, எல்லாருக்கும் கஞ்சி காச்சுனா. மகளுக்கு மட்டும் பூண்டு தட்டிப் போட்டுக் குடுத்தா. மூணு நாளுல பாலு ஊறுச்சு. பிள்ளை குடிச்சிட்டு ஏப்பம் விட்டுச்சு, சடைச்சி அன்னைக்குத்தான் அழுதா.

மாசிலாவுக்கு என்ன தண்டனைங்கிறீங்களா? அகப்பையை அவன் கையில குடுத்துட்டாரு ராசா. மழை வர்ற வரைக்கும் ஊருக்கே அவன்தான் கஞ்சி ஊத்தணும், கடைசி ஆளு குடிச்சப்புறம்தான் அவனுக்கு. முத நாளு ஊத்தி ஊத்திக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, பசின்னா இதுதானான்னு அப்பத்தான் அவனுக்குத் தெரிஞ்சுது.

ஊரு சோத்தைப் பதுக்குனா ஊருக்கு அப்புறம்தான் சோறு. கொப்பரையும் கழுவியாச்சு, கதையும் சொல்லியாச்சு.